இந்தத் தூரம் காணாது

பழைய ஸ்கோப் ஒண்டைக் கையில எடுத்தால் உடன கண்ணில வைக்கக் கூடாது, பிள்ளை. எல்லாரும் அதைத்தான் செய்யிறவை. துவக்குக்கு மேல பூட்டிக் குறி பாக்கிற சாமான் தானே எண்டு போட்டு, யன்னலுக்கால தூரத்து மரம் ஒண்டைப் பாத்திட்டு, நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போடுவினம். முதல்ல காதோட வைச்சு மெல்லக் குலுக்க வேணும். உள்ளுக்கு ஏதும் கழண்டு கிடந்தால் அது சொல்லிப்போடும். பேந்து திருகாணிகளைப் பாக்க வேணும். திருகாணித் தலை கடிபட்டிருந்தால், ஆரோ தெரியாத ஆள் திறந்து விளையாடியிருக்கிறான் எண்டு அர்த்தம்.

இது குலுங்கேல்லை. திருகாணியும் சுத்தம்.

இந்தத் துணியில சுத்தி மேசையில கொண்டுவந்து வைச்சிட்டு, "அண்ணா, இது இனிமே வீட்டுல இருக்கக் கூடாதுங்க, யாருக்காவது குடுத்துடுங்க, நல்ல பொருள்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" எண்டு கேட்டனீங்கள். அதால வடிவாப் பாத்துத்தான் சொல்ல வேணும். உங்கட மனுசன் பழனிசாமி மகளை நடன வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டார். அவர் வாறதுக்கு நேரம் இருக்கு. நீங்களும் அந்தக் கதிரையில இருங்கோ, கிரிஜா. நிண்டுகொண்டு கேக்கிற கதை இல்லை இது.

முன் கண்ணாடியில பூசியிருக்கிற பூச்சைப் பாருங்கோ. சரிச்சுப் பிடிச்சால் மெல்லிய ஊதா நிறம் தெரியுது. ஒரு கீறல் இல்லை. மற்றப் பக்கத்தால ரோச் லைட் அடிச்சுப் பாத்தால் பூஞ்சணம் இல்லை, தண்ணி போன அடையாளம் இல்லை. குழாயில பிடி இறுக்கின தடம் இருக்கு, ஆனால் நசியேல்லை. குறுக்குக் கோடு ரெண்டும் நடுவில நேரா நிக்குது. பழைய ஜெர்மன்காரற்ற வேலை. அந்தக் காலத்தில அவை கண்ணாடியை ஆறுதலா இருந்து தேய்ச்சவை. பின் விளிம்பை நீங்கள் நல்லாத் துடைச்சிருக்கிறியள்.

நல்ல சாமான், பிள்ளை. சரியான நல்ல சாமான். இதைப் பற்றிப் பழனிசாமிக்கும் நான் அப்படித்தான் சொன்னனான், அதில பொய் இல்லை.

இந்த விளிம்பு பட்டுத்தான் அவருக்கு வலக் கண் போனது எண்டு உங்களுக்குத் தெரியும். வெடி வைக்கேக்க துவக்கு பின்னால உதைக்கும். கண் ஸ்கோப்புக்கு ஒட்டி இருந்தால் விளிம்பு வந்து அடிக்கும். இது எங்கட வேட்டைக் கிளப்பில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். புதுசா வாற பெடியளுக்குப் புருவத்தில ஒரு பிறைத் தழும்பு வரும், மற்றவை பாத்துச் சிரிப்பினம். அவருக்கு அது தழும்போட நிக்கேல்லை. ரெயின் ஓட்டின மனுசன். ஒற்றைக் கண்ணோட ரெயின் ஓட்ட விடமாட்டினம், இப்ப ரெயில்வேக் கந்தோரில கதிரையில இருத்திக் கடதாசி வேலை குடுத்து வைச்சிருக்கினம். கிளப்பிலயும் அவற்ற கவனயீனம் எண்டுதான் முடிவு சொல்லிச்சினம்.

நீங்களும் அதைத்தான் நம்புறியள். இண்டைக்குக் காலமை வாசலில சப்பாத்துக் கழட்டேக்க எனக்குக் கேட்டது. "அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல, உங்களுக்குக் காது எங்க போச்சு" எண்டு நீங்கள் கேட்டியள். அவர் "ஆமா கிரிஜா, என் தப்புத்தான்" எண்டார். பேந்து கதவைத் திறந்து, "வாங்கண்ணா, சாப்பிட்டீங்களா" எண்டு என்னைக் கேட்டார். நான் சாப்பிட்டனான் எண்டு சொன்னன். உண்மையில காலமை ஒண்டும் இறங்கேல்லை எனக்கு.

அதுதான் இண்டைக்குச் சொல்லிப்போட வேணும் எண்டு இருக்கிறன்.

இஞ்ச மெல்பேர்ணில, டண்டினொங்கில நான் செய்யிற வேலை உங்களுக்குத் தெரியும். காணி அளக்கிற கருவிகள் திருத்திறது. கொழும்பிலயும் அதுதான் செய்தனான், இஞ்ச வந்தும் அதுதான். துவக்கில எனக்கு ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு முயலைக்கூட நான் சுட்டதில்லை. துவக்குக்கு மேல இருக்கிற கண்ணாடியிலதான் எனக்கு விருப்பம். கிளப்பில எங்கட ஆக்கள் ஆராவது பழைய ஸ்கோப் வாங்கப் போனால், "கதிர்காமநாதன் அண்ணை பாத்தவரோ?" எண்டுதான் முதல் கேள்வி. வெள்ளைக்காரரும் கொண்டருவினம். நான் ஒரு வார்த்தை சொன்னால் வாங்குவினம், ஒரு வார்த்தை சொன்னால் வைச்சிட்டுப் போவினம். வீட்டில என்ர மனுசி ரஞ்சினி என்ர கதையை அவ்வளவா எடுக்கமாட்டா. பிள்ளையள் இங்கிலீசில பதில் சொல்லிப்போட்டுப் போயிடுவினம். ஸ்கோப் பாக்கிற என்ர வீட்டுக் கராஜில மட்டும்தான் நான் சொன்னதுக்கு மேல கதை இல்லாமல் இருந்தது. அது எனக்குப் பெரிய விசயமா இருந்தது, பிள்ளை. இவ்வளவு பெரிசா இருந்தது எண்டு எனக்கே பிறகுதான் தெரிஞ்சது.

பழனிசாமி என்னட்டை வந்தது அந்த நேரம்தான். எல்லாத்தையும் கேட்பார். ஏன் குலுக்கிறியள், ஏன் சரிச்சுப் பிடிக்கிறியள் எண்டு. நானும் சொல்லிக் குடுத்தன். நல்ல கெட்டிக்காரன். சந்தோசமாத்தான் இருந்தது.

பேந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூட்டுத்திடலில வெடி வைச்சு முடிச்சிட்டு எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தனாங்கள். மரக்கறிக் கடை சிவபாலன் ஒரு ஸ்கோப் வாங்கியிருந்தவர், அதுக்கு முதல் வாரம் என்னட்டைக் காட்டி, நான் உதவாது எண்டு சொன்ன சாமான். உள்ளுக்குப் புகை பிடிச்சிட்டுது எண்டு சொன்னனான். அவர் மனம் கேக்காமல் அதைப் பழனிசாமியிட்டைக் குடுத்தார். பழனிசாமி வாங்கிக் குலுக்கிப் பாத்தார், சரிச்சுப் பாத்தார், நான் காட்டிக் குடுத்த மாதிரியே ரோச் அடிச்சுப் பாத்தார். பாத்திட்டு எனக்குப் பக்கத்தில வந்து குனிஞ்சு சொன்னார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடி சுத்தமாத்தானுங்க இருக்குது. நீங்க ஒருக்கா கண்ணைக் காட்டிருங்க. எங்கப்பாவும் இப்படித்தான், பாக்கறதெல்லாம் புகை புகைன்னாரு."

மெல்லத்தான் சொன்னவர். என்ர தோளில கை வைச்சுத்தான் சொன்னவர். ஆனால் சிவபாலனுக்குக் கேட்டிட்டுது. "அப்ப அண்ணை இவ்வளவு நாளும் சாமானைப் பாத்துச் சொல்லேல்லை, தன்ர கண்ணைப் பாத்துச் சொல்லியிருக்கிறார்" எண்டார் சிவபாலன். பகிடிதான். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான். சோத்துக் கோப்பை கையில இருந்தது, அதை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டே நிண்டன்.

அது உண்மையும் கூட. ஒரு வருசமா எல்லா ஸ்கோப்பிலயும் எனக்குப் புகை தெரிஞ்சது. பழைய சாமான் எல்லாம் பழுதாப் போச்சு எண்டுதான் நினைச்சனான். என்ர கண் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை. டொக்டர் பாத்திட்டு ரெண்டு கண்ணிலயும் வெண்புரை எண்டார். நான் உதவாது எண்டு சொல்லித் திருப்பிவிட்ட நல்ல சாமான்கள் எத்தினை எண்டு நினைக்க எனக்கு உடம்பு கூசினது. மற்றவையும் அதை நினைச்சிருப்பினம் தானே. அதுக்குப் பிறகு ஆரும் என்னட்டைக் கொண்டரேல்லை. "பழனிசாமி, ஒருக்காப் பாருங்கோ" எண்டுதான் கேட்டது. எனக்கு முன்னாலயே கேட்டினம்.

கண் சத்திரசிகிச்சைக்கு ரஞ்சினி இஞ்ச இல்லை. தூர லிட்கமில இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்து அங்க நிண்டவ. என்னைக் கூட்டிக்கொண்டு போனது, இருந்து கூட்டிக்கொண்டு வந்தது, கண்ணுக்கு மருந்து விட்டது எல்லாம் உங்கட மனுசன். லீவு போட்டுச் செய்தவர். நீங்கள் ரசம் குடுத்துவிட்டனீங்கள். அவர் என்ர குசினியில அதைச் சூடாக்கி, கரண்டியையும் கழுவி வைச்சிட்டுப் போவார். கட்டு அவிழ்த்த உடன நான் முதல்ல கண்டது அவற்ற முகம்தான். அவ்வளவு துலக்கமா ஒரு முகத்தைக் கண்டு எனக்குக் கன காலம். "தெரியுதுங்களாண்ணா?" எண்டு கேட்டார். எனக்கு முன்னால இருந்தது, நான் பிழைவிட்டதைக் கண்டுபிடிச்ச முகம். எனக்கு அதுக்கு மேல ஒண்டும் தெரியேல்லை. நன்றி சொன்னனான்.

ரெண்டாவது கண்ணும் செய்து, எனக்குப் பார்வை நல்லாத் திரும்பின பிறகுதான் அவர் அந்தப் பெரிய துவக்கை வாங்கினவர். மரை சுட. நீங்கள் கடமான் எண்டு சொல்லுவியள். பெரிய மிருகம், பெரிய குண்டு, அதுக்கேத்த உதை. "அண்ணா, புதுசு வேண்டாங்க. உங்க கையால ஒரு பழைய ஸ்கோப் பாத்துக் குடுங்க. உங்க கண்ணு இப்ப என் கண்ணை விட நல்லாருக்கு" எண்டார். என்னைத் தூக்கிவிடத்தான் அப்படிச் சொன்னவர் எண்டு எனக்கு விளங்கினது. மற்றவைக்கு முன்னால என்ர மரியாதையைத் திருப்பித் தரப் பாத்தவர். அதைத்தான் என்னால பொறுக்க முடியேல்லை.

இந்த ஸ்கோப் என்ர கராஜில இருந்தது.

பழைய ஸ்கோப் ஒண்டின்ர தரத்தைப் பாக்கேக்க கண்ணாடி, பூச்சு, கோடு எல்லாம் ஒரு பக்கம். எல்லாத்துக்கும் முன்னால கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு. இது முதல் எந்தத் துவக்கில இருந்தது? சின்னத் துவக்குக்குச் செய்த ஸ்கோப் எண்டால், கண்ணை ரெண்டு விரல் தூரத்தில வைச்சால்தான் முழுப் படமும் தெரியும். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் சுத்திவரக் கறுப்பு வளையம் கட்டிப் படம் சுருங்கிப்போகும். சின்னத் துவக்கு உதைக்காது, அதால ரெண்டு விரல் காணும். பெரிய துவக்குக்கு ஒரு சாண் இல்லாட்டியும் நாலு விரலாவது வேணும். இது முயல் சுடுற துவக்கில இருந்து வந்தது. எனக்கு அது வடிவாத் தெரியும். பழனிசாமி எல்லாக் கேள்வியும் கேட்ட மனுசன், அந்த ஒரு கேள்வியைக் கேக்கேல்லை. நானும் அவருக்கு ஒருநாளும் அதைச் சொல்லிக் குடுக்கேல்லை. மறந்துபோய் விட்டது எண்டுதான் நினைக்கிறன்.

நான் எச்சரிக்கை செய்தனான் எண்டு கிளப்பில சொன்னது பொய் இல்லை. நீங்கள் அதைக் கேக்க வேணும். பூட்டினாப் பிறகு சூட்டுத்திடலில மேசையில இருந்து ரெண்டு வெடி வைச்சுப் பாத்தவர். நிமிந்து இருந்து சுட்டால் தலை தானாப் பின்னுக்கு நிக்கும், ஒண்டும் நடக்காது. "நல்லா உதைக்குதுங்ணா. ஆனா சுத்திலும் கறுப்பா வளையம் தெரியுதுங்க" எண்டார். அதுக்கு நான், "இந்தத் தூரம் காணாது, பழனிசாமி" எண்டு சொன்னன்.

எங்கட பேச்சில காணாது எண்டால் போதாது. நீங்கள் போதும் எண்டு சொல்லுறதை நாங்கள் காணும் எண்டு சொல்லுவம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில இருக்கிற தூரம் போதாது, இது ஆபத்து எண்டுதான் நான் சொன்னது. அவர் உங்கட கோபிச்செட்டிப்பாளையத்துத் தமிழில கேட்டவர். இந்தத் தூரத்தில இருந்தால் கண்ணுக்குத் தெரியாது எண்டு விளங்கிக்கொண்டார். "சரிங்ணா" எண்டு தலையை முன்னுக்குக் கொண்டுபோனார். ரெண்டு தமிழருக்கு இடையில ஒரு சொல்லு மாறிப்போச்சு, அவ்வளவுதான் எண்டு நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். கன நாளாச் சொல்லிக்கொண்டிருந்தனான்.

இப்படி நடக்கிறது புதுமை இல்லை. இந்தச் சம்பவத்துக்குக் கொஞ்சம் முதல் சிவபாலன்ர கடையில காசுமேசையில நிண்ட பிள்ளைக்கு, "பை காணாது, பிள்ளை" எண்டு சொன்னனான். மரக்கறி கனக்க, இன்னொரு பை வேணும் எண்டுதான். அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. "ஐயோ, இங்கதானே சார் வச்சேன், காணோமா?" எண்டு மேசைக்குக் கீழ குனிஞ்சு தேடினது. வரிசையில நிண்ட எல்லாரும் சிரிச்சினம். நாகர்கோவில்காரர் ஒருத்தர், தங்கட ஊரிலயும் காணாது எண்டால் போதாது தான் எண்டு அந்தப் பிள்ளைக்கு விளக்கம் சொன்னார். எவ்வளவு லேசாப் பிழையா விளங்குது எண்டு காட்டத்தான் உங்களுக்கு இதைச் சொல்ல வந்தனான்.

சொல்லேக்கதான் தெரியுது. அதைத் தெரிஞ்சுகொண்டுதான் நான் அவருக்குச் சொன்னது.

கிளப்பில பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரன் எங்கள் ரெண்டு பேரையும் இருத்தி வைச்சு விசாரிச்சவன். சரியான தமிழ் வார்த்தை என்ன எண்டு கேட்டான். நான் சொன்னன், அதுக்கு இங்கிலீசில கருத்தும் சொன்னன். பழனிசாமி கண்ணில கட்டோட எனக்குப் பக்கத்தில இருந்து, "ஆமாங்க, அண்ணன் சொன்னாருங்க. எனக்குத்தான் அது புரியல" எண்டு எனக்காகச் சாட்சி சொன்னார். ஒரு சொல்லு விளங்காததுக்குத் தன்னைத்தானே குற்றம் சொன்னார். விசாரிச்சவனுக்கு அது காணும். நான் எழும்பி அவரைக் கையில பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு வந்தன்.

ரப்பர் வளையத்தைப் பற்றியும் சொல்ல வேணும். இந்தப் பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கோ. இல்லை, தொட வேண்டாம், பாத்தால் காணும். கூரா இருக்கு தானே. பழைய ஆக்கள் இதில ஒரு தடிச்ச ரப்பர் வளையம் போட்டிருந்தவை, பட்டாலும் காயம் வராமல். நான் அதைக் கழட்டினனான். ரப்பர் வெடிச்சுக் கிடக்குது, பாக்க அசிங்கமா இருக்கு எண்டு அவருக்குச் சொன்னன். வெடிச்சது உண்மைதான். புதுசு போட்டிருக்கலாம். என்ர மேசை லாச்சியில புதுசு இருந்தது.

நீங்கள் நினைக்கிறது எனக்கு விளங்குது. அப்ப நான் நினைச்சதையும் சொல்லிப்போடுறன். பிறைத் தழும்பு ஒண்டு வரட்டும் எண்டுதான் நினைச்சனான். புதுப் பெடியளுக்கு வாற காயம். அதோட கிளப்பில வந்து நிக்கட்டும். எல்லாருக்கும் புத்தி சொல்லுற பழனிசாமிக்குக் கண்ணை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை எண்டு சிவபாலன் ஒரு பகிடி விடட்டும். நானும் அவற்ற தோளில கை வைச்சு ஆறுதல் சொல்லவேணும் எண்டு ஆசையா இருந்தது. அவ்வளவுதான் எண்டு நினைச்சன். ஒரு நல்ல மனுசனுக்கு, என்ர கண்ணில மருந்து விட்ட மனுசனுக்கு, ஒரு சின்ன மானக்கேடு. அவ்வளவு கேவலமானவனா நான் இருந்தன் எண்டு சொல்லவே எனக்கு வெட்கமா இருக்கு. அண்டைக்குச் சோத்துக் கோப்பையோட நிண்டதைத்தான் என்ர வாழ்க்கையில பெரிய வெட்கம் எண்டு நினைச்சிருந்தனான்.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை.

கிப்ஸ்லாண்ட் மலைக்குப் போன அண்டைக்கு நல்ல குளிர். நாங்கள் ரெண்டு பேரும்தான். மரை ஒண்டு மேல சரிவில நிண்டது. வலப் பக்கத்தில ஒரு மேடு இருந்தது, அங்க ஏறி நிண்டிருந்தால் நேராச் சுட்டிருக்கலாம், காத்தும் எங்களுக்குச் சாதகமா இருந்தது. கீழ ஓடைக்கரையில படுப்பம் எண்டு சொன்னது நான்தான். படுத்துக்கொண்டு மேல பாத்துச் சுட்டால் தலை பின்னுக்குச் சாயும். புருவம் விலகிப் போகும். கண் நேர விளிம்புக்கு வரும். அது எனக்குத் தெரியும், பிள்ளை. பிறைத் தழும்பு புருவத்திலதான் வரும், நிமிந்து நிண்டு சுட்டால். படுத்து மேல சுட்டால் என்ன வரும் எண்டு கிளப்பில முதல் நாளே சொல்லித் தருவினம்.

என்ர கண்ணைச் சாட்டுச் சொல்லவும் ஏலாது. அண்டைக்கு எனக்கு எல்லாம் துலக்கமாத் தெரிஞ்சது. அவற்ற இமை மயிரும் தெரிஞ்சது. அதுக்கும் விளிம்புக்கும் இடையில ஒரு விரல் இருந்தது. பக்கத்தில படுத்துக் கிடந்து அதைப் பாத்துக்கொண்டிருந்தனான். துவக்கின்ர விசையில அவற்ற விரல் போகேல்லை இன்னும். நிப்பாட்ட நேரம் இருந்தது. கையை நீட்டி அவற்ற தோளைத் தொட்டால் காணும், சத்தம்கூடப் போட வேண்டியதில்லை.

பேந்து நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சது. ரத்தத்தைத் துணியால அமத்திக்கொண்டு மலையால அவரை இறக்கினது நான். ஒரு கையால கார் ஓட்டினது நான். மெல்பேர்ணுக்குக் கொண்டுவரும் வரைக்கும் அவற்ற கையை விடேல்லை. ஆஸ்பத்திரி நடையில நீங்கள் என்னைக் கும்பிட்டு, "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்குமோ அண்ணா" எண்டு அழுதனீங்கள். அழுத மனுசியை அழவிட்டு நிண்டன்.

அடிபட்டதில அவருக்கு அந்தக் காலமையில பாதி மறந்துபோச்சு. மலைக்கு ஏறினது நினைவிருக்காம், ஓடைக்கரை நினைவில்லையாம். அதாலதான் அவர் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார். அதாலதான் நானும் இவ்வளவு நாளும் காணாது எண்ட அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அவர் மறந்திட்டார் எண்டு டொக்டர் சொல்லேக்க எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் இப்ப என்னைத் தின்னுது.

இனி அவரை ஏசாதேங்கோ, கிரிஜா. அவருக்குக் காது நல்லாக் கேட்டது. ஓடைக்கரையில படுத்து, துவக்கைத் தோளில வைச்சு, கண்ணை ஸ்கோப்பில வைச்சிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு என்னைக் கேட்டவர்.

"அண்ணா, இன்னும் வளையம் தெரியுதுங்க. இது போதுங்களா?"

அதுக்கு நான் எங்கட சொல்லைச் சொல்லேல்லை. அவருக்குப் பிழையா விளங்கிவிடக் கூடாது எண்டு யோசிச்சு, ரெண்டு ஊரிலயும் இருக்கிற சொல்லாப் பாத்துத்தான் சொன்னனான். இன்னும் கிட்டப் போங்கோ எண்டு. கிட்ட எண்டால் உங்கட ஊரிலயும் கிட்டதான், பிள்ளை.